பந்து பட்டதும் விளக்கு அணைந்தது

1966 அக்டோபர் 14. நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் 69ஆம் படைப்பிரிவின் பழைய ஆர்மரிக் கட்டடம். படைவீரர்கள் அணிவகுத்துப் பழகிய அந்தப் பெரிய கூடத்தின் தரையில் டென்னிஸ் ஆடுகளம் வரைந்திருந்தார்கள். நடுவே வலை, இரு பக்கமும் ஆட்டக்காரர்கள். ஒருவர் ஃபிராங்க் ஸ்டெல்லா, பெயர்பெற்ற ஓவியர். எதிரே மிமி கேனரெக், டென்னிஸ் வீராங்கனை. முதல் பந்தை அடித்ததும் கூடம் முழுவதும் ஆலயமணி போன்ற முழக்கம் எழுந்தது. கூடவே மேலே ஒரு விளக்கு அணைந்தது. அடுத்த அடிக்கு இன்னொரு முழக்கம், இன்னொரு விளக்கு. அடிக்க அடிக்க வெளிச்சம் குறைந்தது. பந்து கண்ணுக்குத் தெரியாத அளவு இருள் சூழ்ந்ததும் ஆட்டம் தானாகவே முடிந்தது.

‘ஓப்பன் ஸ்கோர்’ என்ற அந்த நிகழ்வை உருவாக்கியவர் ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க். டென்னிஸை நடனமாகவும் மட்டையை இசைக்கருவியாகவும் ஆட்டத்தை ஒளியமைப்பாகவும் அவர் கற்பனை செய்தார். ஆனால், அந்தக் கற்பனையை மேடையில் நிகழ்த்திக் காட்ட ஓவியரால் மட்டும் முடியாது. டிரான்சிஸ்டர் பிறந்த இடமான பெல் ஆய்வுக்கூடத்தின் பொறியாளர்கள் அவருக்குத் துணை நின்றார்கள்.

‘9 ஈவினிங்ஸ்: தியேட்டர் அண்ட் எஞ்சினியரிங்’ என்ற பெயரில் அக்டோபர் 13 முதல் 23 வரை நடந்த ஒன்பது மாலைகளில் இடம்பெற்றதுதான் அந்த நிகழ்வு. நடனம், இசை, ஓவியம், நாடகம் எனப் பல துறைகளைச் சேர்ந்த பத்துக் கலைஞர்களும் ஏறக்குறைய முப்பது பொறியாளர்களும் பல மாதங்கள் சேர்ந்து உழைத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். இரண்டு துறைகள் ஒரு மேடையில் உண்மையாகவே கைகோக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டில் இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒருவர் கேட்க, மற்றவர் செய்துகொடுத்த கதை அல்ல இது. ஒருவருடைய கேள்வி இன்னொருவருடைய கணக்கையே மாற்றிய கதை.

இதற்கான விதை முன்பே விழுந்திருந்தது. நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் பல ஆண்டுகளாக ஒரு விசித்திரமான உடன்பாட்டில் பணியாற்றிவந்தார்கள். நடனம் தனியாக உருவாகும். இசை தனியாக உருவாகும். இரண்டும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் நிகழும், அவ்வளவுதான். இசை ஆட்டக்காரருக்குத் தாளம் சொல்லாது. ஆட்டம் இசைக்குப் பொருள் சொல்லாது. கன்னிங்ஹாமின் குழுவினர் ஒத்திகையில் நம்பியிருந்தது நிறுத்துக் கடிகாரத்தை. எந்த அசைவுக்கு எத்தனை விநாடி என்பது மெல்ல மெல்ல அவர்கள் உடம்பிலேயே பதிந்துவிடும். அரங்கேற்றத்தன்று முன்பின் கேட்டிராத இசை ஒலித்தாலும் அவர்கள் கணக்குத் தவறாது.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. அகமதாபாத் சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946இல் நியூயார்க் சென்று கேஜிடம் மேற்கத்திய இசை பயின்றார். பதிலுக்கு அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். இசை எதற்காக என்ற கேள்வியைக் கேஜ் புதிதாக யோசிக்கத் தொடங்கியதில் அந்த நட்புக்குப் பெரும் இடம் உண்டு. 1964இல் கன்னிங்ஹாம் குழு உலகப் பயணத்தின்போது அகமதாபாத்துக்கும் வந்து ஆடியது.

1965 ஜூலையில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் கேஜும் கன்னிங்ஹாமும் ‘வேரியேஷன்ஸ் 5’ என்ற படைப்பை அரங்கேற்றினார்கள். மேடையில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக உலோகக் கம்பங்கள் நின்றன. ராபர்ட் மூக் செய்துகொடுத்த ஆன்டெனாக்கள் அவை. பின்னாளில் சின்தசைஸர் மூலம் உலகப் புகழ் பெற்றவர் இதே மூக்தான். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. அது கம்பத்தை நெருங்கும்போது, உடலும் கம்பமும் சேர்ந்து ஒரு மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். இடைவெளி குறையக் குறைய அதன் மதிப்பு மாறும். அந்த மாற்றத்தை மின்சுற்று உணர்ந்துகொள்ளும். ஆக, நடனக் கலைஞர் கம்பத்தைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் போனாலே போதும்: நாடாப் பதிவுகளிலிருந்தும் சிற்றலை வானொலிகளிலிருந்தும் ஒலி பிறக்கும். இசைக்கு உடல் ஆடும் வழக்கம் அங்கே தலைகீழானது. உடல் அசைய, இசை வந்தது. அந்த மேடைக்கு ஒளிமின்கலங்களை அமைத்துக் கொடுத்தவர் பெல் ஆய்வுக்கூடத்தின் பில்லி குளூவர்.

குளூவர் ஸ்வீடனில் படித்தவர். லேசர் ஆய்வில் ஈடுபட்டிருந்தவர். 1960இல் சிற்பி ஜான் டிங்க்லி, தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஒரு பெரிய இயந்திரச் சிற்பத்தை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் இயக்கிக் காட்டினார். அதற்கு உதவியபோதுதான் கலைஞர்கள் எழுப்பும் கேள்விகள் பொறியாளரின் மேசைக்கு வழக்கமாக வராதவை என்பதைக் குளூவர் கண்டுகொண்டார். 1966இல் ஸ்டாக்ஹோமில் ஒரு கலை, தொழில்நுட்ப விழா நடப்பதாக இருந்தது. அந்த ஏற்பாடு கைகூடவில்லை. குளூவரும் ரவுஷன்பெர்க்கும் திட்டத்தைக் கைவிடாமல் நியூயார்க்கிலேயே நடத்த முடிவெடுத்தார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்த ஆர்மரியில்தான் 1913இல் ஐரோப்பாவின் நவீன ஓவியத்தை அமெரிக்கர்கள் முதன்முதலாகப் பெரிய அளவில் பார்த்தார்கள்.

இனி டென்னிஸ் மட்டைக்குத் திரும்புவோம். மேலோட்டமாகப் பார்த்தால் எளிய வேலைதான்: மட்டையில் ஒரு மைக்கைக் கட்டினால் போதாதா? போதாது. சாதாரண மைக் காற்றில் வரும் ஒலியையெல்லாம் வாங்கும். கூட்டத்தின் இரைச்சல், காலடியோசை, ஒலிபெருக்கியின் முழக்கம் எல்லாம் சேர்ந்துவிடும். எனவே, மட்டையோடு ஒட்டியிருந்து அதன் அதிர்வை மட்டும் வாங்கும் தொடுமைக் தேவைப்பட்டது. மட்டையிலிருந்து கம்பி இழுத்தால் ஆட்டக்காரர் ஓட முடியாது. ஆகவே சமிக்ஞை வானலையில் போக வேண்டும். அதற்கு ஒரு எஃப்.எம். ஒலிபரப்பி வேண்டும், அது ஆட்டக்காரரின் கைக்குப் பாரமாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் தாங்க வேண்டும். பில் கமின்ஸ்கி என்ற பொறியாளர் மட்டையின் கைப்பிடிக்குள் அடங்கும் ஒலிபரப்பியை வடிவமைத்தார். ஆன்டெனாவை என்ன செய்வது? மட்டையின் வட்டச் சட்டத்தைச் சுற்றியே அதை ஓட்டிவிட்டார். மட்டையின் வடிவமே ஆன்டெனாவின் வடிவமானது.

இன்று எந்தப் பாட்டுக் கச்சேரியிலும் கம்பியில்லா மைக்கைப் பார்க்கிறோம். 1966இல் அது அரங்குகளில் எளிதாகக் கிடைக்கிற பொருளாக இல்லை. ஓர் ஓவியர் டென்னிஸ் மட்டையின் ஒலி வேண்டும் என்று கேட்டதால்தான், ஒரு மட்டைக்குள் ஒலிவாங்கி, ஒலிபரப்பி, மின்கலம், ஆன்டெனா நான்கையும் அடக்கும் கணக்கு ஒரு பொறியாளருக்கு வந்து சேர்ந்தது.

விளக்குகள் அனைத்தும் அணைந்த பிறகு ‘ஓப்பன் ஸ்கோர்’ இரண்டாம் கட்டத்துக்குள் நுழைந்தது. ஏறக்குறைய ஐந்நூறு பேர் இருளில் ஓசைப்படாமல் கூடத்துக்குள் வந்து நின்றார்கள். எதிரே அத்தனை பேர் இருப்பதைப் பார்வையாளர்களால் உணர முடிந்தது, காண முடியவில்லை. அப்போது, தொங்கவிட்டிருந்த பெரிய திரைகளில் அந்த மக்களின் உருவங்கள் தோன்றின. எளிய சைகைகள் செய்தார்கள், ஒருவரையொருவர் தொட்டார்கள்.

நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களை மட்டுமே காணும். அதற்கப்பால் இருப்பது அகச்சிவப்பு. கூடத்தில் அந்த ஒளி நிறைந்திருந்தது; மனிதக் கண்ணுக்கு அது இருள். அகச்சிவப்பை உணரும் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கோ அது வெளிச்சம். படைத்துறைப் பயன்பாட்டுக்காக வளர்ந்த தொழில்நுட்பத்தை, பக்கத்தில் இருப்பவர்களைக் கண்ணால் பார்க்க முடியாமல் திரையில் மட்டுமே பார்க்க முடிகிற அனுபவமாக ரவுஷன்பெர்க் மாற்றினார். எதிரே உட்கார்ந்திருப்பவரைத் திரை வழியாகவே பார்த்துப் பழகிவிட்ட இன்றைய நமக்கு அந்தக் காட்சி அன்றைவிட அதிகமாக உறைக்கும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது நடனக் கலைஞர் லூசிண்டா சைல்ட்ஸின் ‘வெஹிக்கிள்’. சாரத்திலிருந்து மூன்று சிவப்பு வாளிகள் தொங்கின. அவர் அவற்றை ஊசலாட்டினார். வாளி ஆட ஆட, கூடத்தில் ஓர் ஒலி ஏறியிறங்கியது. வாளிக்குள் மைக் இல்லை, கம்பி இல்லை, மின்சாரமே இல்லை. பிறகு ஒலி எங்கிருந்து வந்தது?

பீட்டர் ஹிர்ஷ் என்ற பொறியாளர் அமைத்த கருவி 70,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மீயொலிக் கற்றையைப் பாய்ச்சிக்கொண்டிருந்தது. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். எனவே, அந்தக் கற்றை யாருக்கும் கேட்காது. அது வாளியில் பட்டுத் திரும்புகிறது. வாளி அசையாமல் இருந்தால், திரும்பி வரும் அலைக்கும் அதே 70,000 ஹெர்ட்ஸ். வாளி கருவியை நோக்கி வந்தால் அலைகள் நெருங்கி, அதிர்வெண் கூடும். விலகிப் போனால் குறையும். நம்மை நெருங்கும் ரயிலின் ஊதல் ஓங்கியும், கடந்துபோனதும் தாழ்ந்தும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவு. போன அலையையும் வந்த அலையையும் கருவி கலக்குகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒலியாக மிஞ்சுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். வாளி விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கருவியை நோக்கி வந்தால், வித்தியாசம் ஏறக்குறைய 408 ஹெர்ட்ஸ். ஒரு பெண் பாடகியின் குரல் எளிதாகத் தொடும் சுருதி அது. வேகம் இரட்டிப்பானால் ஒலியின் அதிர்வெண்ணும் இரட்டிப்பாகும். அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும். ஊசலாடும் வாளி அடிப்புள்ளியில் வேகமாகவும் இரு கோடிகளில் கணநேரம் நின்றும் போகிறது. எனவே ஒவ்வொரு வீச்சிலும் ஒலி தாழ்ந்த சுருதியிலிருந்து எழும்பி, உச்சம் தொட்டு, மறுபடி தாழ்ந்து மறையும். சைல்ட்ஸ் வாளியைத் தள்ளும் விதம் மாறினால் அந்த வளைவும் மாறும். அசைவின் வேகம் அப்படியே சுருதியாகிறது.

70,000 என்ற எண்ணில்தான் அழகே இருக்கிறது. கேட்கக்கூடிய 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பாய்ச்சியிருந்தால், அதே வாளி தந்திருக்கும் வித்தியாசம் சுமார் ஆறே ஹெர்ட்ஸ். காது அதைச் சுருதியாக உணராது. மீயொலியைப் பயன்படுத்தியதால், மனிதக் கை ஊட்டும் வேகங்கள் எல்லாம் மனிதக் காதின் எல்லைக்குள் கச்சிதமாக வந்து விழுந்தன. நாட்டியத்தின் வேகத்தையும் செவியின் எல்லையையும் பொருத்தும் ஒரு எண்ணைப் பொறியாளர் கொண்டுவந்தார். அந்த எண்ணுக்கு உயிர் கொடுக்கும் அசைவை நடனக் கலைஞர் கொண்டுவந்தார். இதில் எது கலை, எது பொறியியல் என்று பிரிக்க முடியுமா?

கலைஞர் அலெக்ஸ் ஹே தன் உடம்புக்குள்ளிருந்தே ஒலியை எடுத்தார். ‘கிராஸ் ஃபீல்ட்’ நிகழ்வில் அவர் தலையிலும் உடலிலும் மின்முனைகளைப் பொருத்திக்கொண்டார். மூளை அலைகளும் தசையின், கண்ணின் அசைவுகளும் ஒலியாகி ஒலிபெருக்கிகளுக்குப் போயின. எண்ணிட்ட துணித்துண்டுகளை அவர் தரையில் பரப்பினார். பின்பு அசையாமல் அமர்ந்தார். அவர் முகம் பெரிதாகத் திரையில் தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரின் உள்ளே எவ்வளவு நடந்துகொண்டிருக்கிறது என்பதை அரங்கம் காதால் கேட்டது.

தலைத்தோலில் கிடைக்கும் மூளை அலையின் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட்தான். சுவர்க்கடிகாரத்தில் போடும் செல்லின் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. இதே உடம்பு, சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் ஆன்டெனாபோல வாங்கிக்கொண்டிருக்கும். எனவே, இரண்டு மின்முனைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் பெருக்கி, இரண்டிலும் பொதுவாக இருக்கும் இரைச்சலைத் தள்ளிவிடும் பெருக்கி தேவை. மருத்துவமனையில் நோயாளி அசையாமல் படுத்திருக்கும்போதே சிரமமான வேலை இது. நடமாடும் கலைஞரின் உடம்பிலிருந்து, கம்பியில்லாமல், விளக்குகளும் மோட்டார்களும் நிறைந்த கூடத்தில் எடுப்பதென்றால் சிரமம் பல மடங்கு.

ஜான் கேஜ் ‘வேரியேஷன்ஸ் 7’க்கு வைத்த விதி ஒன்றே ஒன்று: முன்பே பதிவு செய்த எதுவும் கூடாது; அந்தக் கணத்தில் உலகில் ஒலித்துக்கொண்டிருப்பது மட்டுமே வேண்டும். நகரின் பத்து இடங்களுக்குத் தொலைபேசி இணைப்புகளைத் திறந்துவைத்தார்கள். ஓர் உணவகத்தின் சமையலறை, பறவைக்கூடம், மின்நிலையம், பத்திரிகையின் அச்சுக்கூடம் எனப் பல இடங்களின் ஓசை நேரடியாக வந்தது. கைகர் எண்ணி கதிரியக்கத்தை ஒலியாக்கியது. வீட்டுச் சாமான்கள் உறுமின. கலைஞர்கள் நடமாடும்போது, கணுக்கால் உயரத்தில் இருந்த ஒளிக்கற்றைகள் தடைபட்டு, ஒலிகள் மாறிமாறி வந்தன. பார்வையாளர்கள் இருக்கையை விட்டெழுந்து வந்து மேசைகளைச் சுற்றி நின்று கேட்டார்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. தொடக்க இரவில் நீண்ட தாமதங்கள் ஏற்பட்டன. சில கருவிகள் சொன்னபடி கேட்கவில்லை. உயர்ந்த கூரையின் கீழ் ஒலி நெடுநேரம் எதிரொலித்துக் குழம்பியது. பத்திரிகை விமரிசனங்கள் கடுமையாக இருந்தன. இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி நூறு முறை தோற்று, நூற்றோராவது முறை வெல்லலாம்; மேடையிலோ மணி எட்டரை என்றால் எட்டரைதான். நாடகக்காரர் ஒத்திகையில் தவறு செய்து அரங்கேற்றத்தில் திருத்திக்கொள்வார். கருகிய டிரான்சிஸ்டர் அப்படித் திருந்தாது. காலத்தைப் பற்றிய இந்த இரண்டு எண்ணங்களும் ஒன்றோடொன்று மோதிய இடம்தான் அந்த ஒன்பது மாலைகள். இரு தரப்புக்கும் பொதுவான மொழி இல்லை என்ற சிக்கலும் இருந்தது. அதற்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் ஹெர்ப் ஷ்னைடர். ஒவ்வொரு நிகழ்விலும் எந்தக் கருவி எதனோடு இணைகிறது, யார் எப்போது எங்கே நிற்கிறார் என்பதை அவர் வரைபடங்களாக வரைந்தார். மின்சுற்று தெரியாத நடனக் கலைஞரும் நடனம் தெரியாத பொறியாளரும் ஒரே தாளின் மேல் குனிந்து விரல் வைத்துப் பேச முடிந்தது.

விளைவை விமரிசனங்களை வைத்து அளக்க முடியாது. அந்த நவம்பரிலேயே குளூவர், ரவுஷன்பெர்க், கலைஞர் ராபர்ட் விட்மன், பொறியாளர் ஃபிரெட் வால்ட்ஹவர் நால்வரும் கலைஞர்களைக் கூட்டத்துக்கு அழைத்தபோது, முந்நூறு பேர் வந்தார்கள். எண்பது பேர் அங்கேயே தொழில்நுட்ப உதவி கேட்டார்கள். ‘கலை, தொழில்நுட்பச் சோதனைகள்’ என்ற பொருள் தரும் ஈ.ஏ.டி. அமைப்பு உருவானது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் அந்த அமைப்பு எழுப்பிய அரங்கின் கூரையை, ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயா உண்மையான மூடுபனியால் போர்த்தினார். வேதிப்பொருள் கூடாது, தூய நீர் மட்டுமே வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். தாமஸ் மீ என்ற இயற்பியலாளர் நுண்ணிய துளைகள் வழியாக நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சி அதைச் சாத்தியமாக்கினார். அந்த நுட்பம் பின்னர் பழத்தோட்டங்களை உறைபனியிலிருந்து காக்கவும் பயன்பட்டது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மூக் சின்தசைஸரோடு மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தவர், ஒன்பது மாலைகளில் பங்கேற்ற இசைக்கலைஞர் டேவிட் டியூடர். கன்னிங்ஹாம், எண்பது வயதை எட்டிய 1999ஆம் ஆண்டில், ‘பைபெட்’ படைத்தார். நடனக் கலைஞர்களின் உடலில் ஒட்டிய குறிகளைக் கேமராக்கள் பின்தொடர, அவர்களுடைய அசைவுகள் ஒளிக்கோடுகளாகி, மேடையில் ஆடும் மனிதர்களோடு சேர்ந்து ஆடின. இன்று திரைப்படங்களில் கணினிப் பாத்திரங்களை நடக்கவைக்கும் அசைவுப்பதிவு நுட்பம்தான் அது.

இந்த வரலாறு சொல்வதாக நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். வேலை முடிந்த பிறகு அலங்காரத்துக்காகக் கலைஞரைக் கூப்பிடுவதும், ஒத்திகை முடிந்த பிறகு ஒயர் இழுக்கப் பொறியாளரைக் கூப்பிடுவதும் கூட்டுமுயற்சி ஆகாது. முதல் நாளிலேயே இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ‘முடியாது’ என்று சொல்வதற்கு முன், எதனால் முடியாது என்று பொறியாளர் விளக்க வேண்டும். ‘எனக்கு இதுதான் வேண்டும்’ என்பதோடு நில்லாமல், எதற்காக வேண்டும் என்று கலைஞரும் விளக்க வேண்டும். அந்த இரண்டு விளக்கங்களும் சந்திக்கும் இடத்தில்தான் 70,000 ஹெர்ட்ஸும் சிவப்பு வாளியும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன.

தமிழகத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. நாட்டியப் பள்ளிகளும் நாடகக் குழுக்களும் கூத்துக் கலைஞர்களும் ஊர்தோறும் இருக்கிறார்கள். ஹிர்ஷின் கருவியைப் போல மீயொலியைப் பயன்படுத்தும் உணரிகள் இன்று சில நூறு ரூபாய்க்குக் கடைகளில் கிடைக்கின்றன. பொறியியல் படிக்கும் மாணவரே, உங்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும்போது, ஊரில் நடக்கும் ஒரு நாட்டிய ஒத்திகைக்குப் போய் உட்காருங்கள். நாட்டியம் கற்பிக்கும் ஆசிரியரே, அவரை உள்ளே அழைத்து, உங்களால் இதுவரை மேடையில் கொண்டுவர முடியாமல் போன ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். தொடங்குவதற்கு அது போதும்.